சிக்கரி கூடிப்போச்சு

ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்ளலாமா சார்? எனக்காக இல்லை, உங்களுக்காக. மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஏற்றி இறுக்கிக் கட்டியிருக்கிறீர்கள். பார்க்கிற எனக்கே மூச்சு முட்டுகிறது.

ரெண்டு ஊசியும் போட்டாயிற்றா? ஆயிற்றா! பிறகு என்ன பயம்? நானும் போட்டாயிற்று. என் மாஸ்க் எங்கே இருக்கிறது பாருங்கள், தாடையில். அதுகூட கண்டக்டருக்காகத்தான். உங்களைக் கேலி செய்வதாக நினைக்காதீர்கள். கொஞ்சம் கேலிதான்.

தஞ்சாவூர் வரைக்கும்தானே? நானும் அங்கேதான். உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு. ஒரு புகார் கொடுக்க வேண்டும். மடியில் இந்தப் பையை ஏன் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருக்கிறேன் என்று பார்க்கிறீர்கள், இல்லையா? காபிப்பொடி சார். சாட்சிப் பொருள். இதைப் பரிசோதித்து, இதில் என்ன கலந்திருக்கிறது என்று அவர்கள் சொல்லிவிட்டால் மன்னார்குடிக் கடைத்தெருவில் ஒரு கடைக்குப் பூட்டுத்தான். அந்தக் கடைக்காரன் யார் தெரியுமா? வேதரத்தினம். என் நண்பன். எனக்கு மீசை முளைத்ததையும் நரைத்ததையும் கூட இருந்து பார்த்தவன்.

நண்பன் மேலேயே புகாரா என்று உங்கள் கண் கேட்கிறது. கேட்கட்டும். நானும் கேட்டுக்கொண்டேன். அவசரப்பட்டு ஒருவனைக் குற்றம் சொல்லுகிற ஆள் நான் இல்லை சார். என் வேலை மின்வாரியத்தில், பெயர் பட்டிமன்றத்தில். வீட்டு மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா? நான் இரண்டு பக்கமும் பேசி ஜெயித்தவன். என் மனைவி திலகவதி இரண்டையும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். “நீங்க எந்தக் கட்சின்னு ஊருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்” என்பாள். அந்தப் பழக்கத்தில் எனக்கு ஒரு வியாதி. எந்த விஷயமானாலும் படுக்கையில் புரண்டுகொண்டு என்னையே இரண்டு அணியாகப் பிரித்துக்கொள்வேன். இந்த அணி ஒன்று சொல்லும், அந்த அணி மறுக்கும். நடுவரும் நானே. ஒருநாளும் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்புச் சொன்னதில்லை. அலசி ஆராய்ந்து பார்த்தால் தீர்ப்பு என் பக்கம் வந்துவிடுகிறது, அதற்கு நான் என்ன செய்வேன்?

வேதரத்தினம் என்னை நடுவரே என்றுதான் கூப்பிடுவான். “வாங்க நடுவரே, இன்னிக்கு யாருக்குத் தூக்கு?” என்பான்.

அவன் கடை காபி அரைக்கிற கடை. கொட்டையை அங்கேயே வறுத்து, கண்ணெதிரே அரைத்துக் கொடுப்பான். சிக்கரி வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்டால்தான் சேர்ப்பான். கேட்காதவனுக்கு ஒரு சிட்டிகைகூடப் போடமாட்டான். அப்பன் காலத்திலிருந்து அந்தக் கடைக்கு நல்ல பெயரே அதனால்தான். அவன் கொட்டை வறுத்தால் பக்கத்து மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்க வந்தவன்கூட இந்தப் பக்கம் திரும்பிவிடுவான். அப்படிப்பட்ட கடை. அதனால்தான் வயிறு எரிகிறது.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். சித்திரை வெயிலில் ஊரெல்லாம் பயந்து கிடந்தது நினைவிருக்கிறதா? ஊசி வந்துவிட்டது, போட்டுக்கொள்ள ஆளில்லை. போட்டால் காய்ச்சல் வருகிறது, கை வீங்குகிறது, ஆண்மை போகிறது என்று ஆளுக்கொரு கதை. சுகாதார நிலையத்து டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். “உங்க குரலுக்கு ஜனங்க கட்டுப்படுவாங்க சார். ஆட்டோவுல மைக் கட்டித் தர்றோம், நாலு தெரு சுத்தி வாங்க” என்றார்கள். எனக்கு மேடை இல்லாமல் தொண்டை துருப்பிடித்துக் கிடந்த நேரம். ஆட்டோ என்ன, மாட்டுவண்டி என்றாலும் ஏறியிருப்பேன்.

கிளம்பும்போது அந்த அம்மாள் ஒன்று சொன்னார்கள். “ஊசி போட்டாலும் சில பேருக்கு வரும் சார். வந்தா பெரும்பாலும் லேசா வந்துட்டுப் போயிடும், உயிருக்கு ஆபத்து ரொம்பக் குறைவு. அவங்ககிட்டேருந்து அடுத்தவங்களுக்கும் ஒட்டலாம். அதனால மாஸ்க்கை விட்டுடாதீங்கன்னும் சேர்த்துச் சொல்லிடுங்க.”

நல்ல அம்மாள். ஆனால் மேடை அனுபவம் கிடையாது. ‘வரலாம், வந்தாலும் லேசாக வரும், ஒருவேளை ஒட்டலாம்’ என்று மைக்கில் இழுத்தால் எவன் வீட்டைவிட்டு இறங்குவான்? தெருவில் ஆட்டோ போகிற வேகத்துக்கு ஒரு வாக்கியம்தான் காதில் விழும். நான் சுருக்கினேன். ‘இரண்டே ஊசி! இனி வராது! வந்தால் என்னைக் கேளுங்கள்!’ அவ்வளவுதான். தெருத்தெருவாக ஆட்கள் கிளம்பினார்கள் சார். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், அதனால் என்ன?

எல்லோரும் வந்தார்கள், வேதரத்தினம் வரவில்லை. சர்க்கரை உள்ளவன், அவன்தான் முதலில் வந்திருக்க வேண்டும். ஊசியைக் கண்டாலே அவனுக்குக் கால் ஆட்டம் கண்டுவிடும். கடைக்கே போய்ப் பிடித்தேன்.

“போட்டாலும் வருதுன்னு பேசிக்கிறாங்களேய்யா.”

“எவன் சொன்னான்?”

“டாக்டரம்மாவே சொன்னாங்களாம்ல?”

“அவங்க படிச்சவங்க, அப்படித்தான் இழுத்துப் பேசுவாங்க. நான் சொல்றேன், வராது.”

“வந்துச்சுன்னா?”

“நான் பொறுப்பு.”

அரவை மெஷினை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டான். ஊசி போடும்போது என் கையைப் பிடித்த பிடியில் அவன் மோதிரம் என் விரலில் அழுந்திச் சிவந்துவிட்டது. இரண்டாவது ஊசிக்கும் அதே கை, அதே மோதிரம்.

அதற்குப் பிறகு ஆனி மாதம். எனக்கு ஒரு சளி. வெறும் சளி சார், முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். ஐஸில் வைத்த நுங்கு சாப்பிட்டேன், பிடித்துக்கொண்டது. உடம்பு வலி, கொஞ்சம் காய்ச்சல். நுங்குக்குக் காய்ச்சல் வருமா என்று திலகவதி கேட்டாள். சிலருக்கு வரும் என்றேன். “எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடுங்களேன்” என்றாள். எப்படி இருக்கிறது பாருங்கள்! வராது என்று மைக்கில் முழங்கியவன் அதே சுகாதார நிலையத்து வரிசையில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றால், பார்க்கிற ஜனம் அடுத்த ஊசிக்கு வருமா? ஊர் நலனுக்காகத்தான் நான் போகவில்லை. அன்று படுத்துக்கொண்டு இரண்டு அணியாகவும் பேசிப் பார்த்தேன். நுங்கு அணிதான் வென்றது.

படுத்தே கிடந்தால் சந்தேகப்படுவார்கள் என்று சாயங்காலம் வழக்கம்போல வேதரத்தினம் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். அந்த மெஷின் சத்தத்தில் சும்மா பேசினால் கேட்காது. காதுக்குள்ளே வாயை வைத்துத்தான் பேச வேண்டும். அன்று நிறையப் பேசினேன். ஊசியின் பெருமையைத்தான்.

அடுத்த வாரம் அவன் கடை திறக்கவில்லை. என்னவென்று வீட்டுக்குப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு பேசுகிறான். முகம் வெளிறிக் கிடந்தது.

“அங்கேயே நில்லுய்யா. டைபாய்டு.”

“டைபாய்டு தண்ணியில வர்றது. ஜன்னல் வழியாவா ஒட்டும்?”

“இது வேற மாதிரி டைபாய்டு. ஒட்டும்.”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

அவன் கொஞ்சம் இருமிவிட்டுச் சொன்னான்: “ரெண்டு ஊசி போட்டிருந்ததால பொழைச்சீங்க, சர்க்கரை ஒடம்புக்கு இல்லேன்னா கதையே வேறன்னாரு.”

“டைபாய்டுக்கு எப்படிய்யா அந்த ஊசி கேட்கும்?”

“நல்ல ஊசிய்யா அது. நீதான போட வெச்ச? நல்லாருப்ப.”

எனக்குப் புல்லரித்துவிட்டது சார். டைபாய்டுக்கும் கேட்கிறதென்றால் அதையும் ஆட்டோவில் சேர்த்துச் சொல்லலாமா என்று டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அவர்கள் “யாருக்கு டைபாய்டு?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். வேலைப் பளு.

சரி, அவன் தேறிக் கடையைத் திறந்தான். அதற்குப் பிறகுதான் என் வீட்டுக் காபி செத்தது.

காலையில் திலகவதி டம்ளரை நீட்டுகிறாள், வாங்கிக் குடிக்கிறேன், வெந்நீர். நிறம் இருக்கிறது, சூடு இருக்கிறது, நுரை இருக்கிறது. காபி மட்டும் இல்லை. பால்காரியைக் கூப்பிட்டுக் கேட்டேன், அவள் இரண்டு தெரு கேட்கிற மாதிரி பதில் சொன்னாள். டிகாக்‌ஷனை மாற்றிப் போடச் சொன்னேன். பில்டரை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. “எனக்கு நல்லாத்தான இருக்கு” என்கிறாள் திலகவதி. அவளுக்கு என்ன தெரியும் பாவம், பழகிவிட்டாள்.

காபி மட்டும் என்றால் பொறுத்துப்போவேன் சார். உலகமே கெட்டுப்போய்விட்டது, கவனித்தீர்களா? மல்லிகைப் பூவில் வாசனை இல்லை, மருந்தடித்து வளர்க்கிறார்கள். பெருங்காயம் வெறும் மாவு. ரசம் புளித்தண்ணீர். மழை பெய்தால்கூட மண்வாசனை வருவதில்லை. பூமியிலேயே சத்து இல்லை என்று ஒரு கட்டுரை எழுதி வைத்திருக்கிறேன், விலாசம் தந்தால் அனுப்புகிறேன்.

இதற்கு நடுவில் ஒருநாள் திலகவதி கோயிலுக்குப் போயிருந்தாள். நான் சமையலறையில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவள் வாசலிலேயே கத்துகிறாள். ஓடி வந்து காஸை மூடுகிறாள், கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறக்கிறாள், என் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போகிறாள். அடுப்பு அணைந்து காஸ் கசிந்திருக்கிறது. தெருவில் போகிறவனுக்கே தெரிந்ததாம். “பக்கத்துலயே உக்காந்திருக்கீங்களே, தெரியலையா? தெரியலையா?” என்று கேட்டுக்கொண்டே கிணற்றடியில் உட்கார்ந்து அழுதாள். படிக்க உட்கார்ந்தால் எனக்கு உலகம் மறந்துவிடும் என்றேன். அதற்கு ஏன் அவ்வளவு அழ வேண்டும்? ஊதுபத்தியைக் கொண்டுவந்து மூக்குக்குக் கீழே நீட்டினாள். சூடம் கொளுத்திக் காட்டினாள். எல்லாம் போலிச் சரக்கு என்று உள்ளதைச் சொன்னேன். மறுபடியும் அழுதாள்.

மறுநாள் அவள் வேதரத்தினம் கடைக்குப் போய் ரொம்ப நேரம் பேசிவிட்டு வந்திருக்கிறாள். என்ன பேசினாளோ, எனக்குச் சொல்லவில்லை. பொடியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருப்பாள் என்று நினைத்தேன். புதுப் பொடி வந்தது. அதுவும் வெந்நீர்.

பொறுமை போய்விட்டது. நேரே கடைக்குப் போனேன். நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். அதனால் என்ன, மேடையில் கூட்டம் இருந்தால்தான் எனக்குப் பேச்சு வரும். “வேதரத்தினம், எதைக் கலக்குற?” என்று கேட்டேன்.

அவன் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு முதல் சந்தேகம். கையைத் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் வறுத்த கொட்டையை ஒரு கை அள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“நடுவரே, இது எப்படி இருக்கு?”

“கூழாங்கல் மாதிரி இருக்கு.”

“வாசனை?”

“இருந்தாத்தான?”

கொட்டையைத் திரும்பக் கொட்டினான். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அங்கே நின்றவர்களில் ஒருவர், ஆட்டோவில் நான் பேசியதைக் கேட்டு வந்து ஊசி போட்டுக்கொண்டவர், “என்ன சார், உங்களுக்கு ஒருவேளை அந்த இதுவா இருக்குமோ? மூக்கு மரத்துப்போகும்னு சொல்றாங்களே? ஊசி போட்டும் வந்துருச்சா?” என்று ஆரம்பித்தார். அவர் முடிக்கவில்லை, வேதரத்தினம் குறுக்கே புகுந்துவிட்டான்.

“அவருக்கு ஒண்ணும் இல்லைய்யா. சிக்கரி கூடிப்போச்சு. என் தப்புதான்.”

கேட்டீர்களா? அவன் வாயாலேயே!

“கூடிப்போச்சா? கேக்காமப் போட்டியா?” என்றேன்.

“கூடிப்போச்சுன்னே வெச்சுக்க. போதுமா? வீட்டுக்குப் போ நடுவரே. போயி நல்ல டாக்டரா ஒருத்தரைப் பாரு.”

தப்பையும் செய்துவிட்டு என்னை டாக்டரைப் பார்க்கச் சொல்கிறான்! இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? டீக்கடையில் சொன்னேன், ஆபீஸில் சொன்னேன். மன்னார்குடியில் என் பேச்சுக்கு ஒரு மரியாதை இருக்கிறது சார். இப்போது கடையில் ஈ ஓட்டுகிறான் என்கிறார்கள். முந்தாநாள் அந்த வழியாகப் போனேன். மெஷின் ஓடவில்லை. அவன் தனியாக உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், “என்ன நடுவரே, சாப்டாச்சா?” என்றான். நான் பதில் சொல்லவில்லை. வழக்கு நடக்கும்போது எதிர்த்தரப்போடு பேசக்கூடாது. ஆனால் வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்று அன்று இரண்டு அணியும் பேசின. ருசி இல்லாத சாப்பாடு எப்படி இறங்கும் என்று தீர்ப்புச் சொல்லி முடித்துவைத்தேன்.

இன்று காலையில் நான் பையைத் தூக்கியதும் திலகவதி வாசலில் மறித்துக்கொண்டு நின்றாள். “உங்க வாயைக் காப்பாத்தத்தான் அந்த மனுசன் தன் வாயை மூடிக்கிட்டிருக்காரு. அவரு கடையை மூடிட்டு வந்து நிக்காதீங்க” என்றாள். நல்ல வாக்கியம், இல்லையா? வாயைக் காப்பாற்ற வாயை மூடி. மேடையில் சொன்னால் கைதட்டு வாங்கும். அர்த்தம்தான் பிடிபடவில்லை. பஸ் ஏறினதிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டு வருகிறேன்.

சரி, நீங்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். நீங்கள் மூன்றாம் மனிதர். அவனையும் தெரியாது, என்னையும் தெரியாது. ஆபீஸரிடம் போவதற்கு முன்னால் ஒரு நடுநிலைச் சாட்சி இருந்தால் நல்லது. பிரிக்கிறேன். அந்த மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்குங்கள், ஒரு நிமிஷம்தான். இறக்க மாட்டீர்களா? சரி, சரி, மாஸ்க்கோடேயே பாருங்கள். வாசனை இருந்தால்தானே அதைத் தாண்டி வருவதற்கு.

இதோ.

என்ன சார்? ஏன் கண்ணை மூடிக்கொண்டீர்கள்?

பக்கத்து சீட்டு அம்மாள் ஏன் திரும்பிப் பார்க்கிறார்கள்? முன்சீட்டிலே… பெரியவர் எழுந்தே விட்டார். “யாருங்க அது, பஸ்ஸுலயே காபி போடறது?” என்கிறார். விளையாட்டுக்குச் சொல்கிறார். கண்டக்டர், நீங்களுமா? “என்ன சார், தூக்கத்துல இருந்த டிரைவரை எழுப்பிட்டீங்க” என்கிறீர்களா? எல்லோரும் சிரிக்கிறீர்கள். இருங்கள், இருங்கள். கண்டக்டர், இங்கே வாங்க. உண்மையாகச் சொல்லுங்கள். என்ன வாசனை இது?

நல்ல காபியா? சிக்கரி போட்டதா? துளிகூட இல்லையா? உங்களுக்கு எப்படித் தெரியும்? ஓ, உங்கள் மாமனார் காபி அரைக்கிற கடையா.

கொஞ்சம் இருங்கள். நானும் முகர்ந்து பார்க்கிறேன்.

…

ஒன்றுமில்லை சார். எனக்கு ஒன்றுமில்லை.

இந்தப் பஸ்ஸில் இத்தனை பேர். எல்லோரையும் வேதரத்தினம் கைக்குள் போட்டுக்கொண்டிருக்க முடியாது. அதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால்…

ஒரு நிமிஷம் என்னைப் பேசவைக்காதீர்கள். இரண்டு அணியும் ஒன்றாக எழுந்து நிற்கின்றன.

இது எந்த ஊர்? வடுவூர் வந்துவிட்டதா?

ஒன்று மட்டும் தெளிவாகிவிட்டது சார். அவன் சிக்கரி போடவில்லை. போடாமலே போட்டேன் என்று நாலு பேர் முன்னால் என்னிடம் சொல்லியிருக்கிறான். அப்பன் பெயர் எழுதின கடையில் நின்றுகொண்டு, தன் கடைமேல் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு. பொய்! என்னிடமே பொய்! டைபாய்டு என்றானே, அதுவும்… இவ்வளவு வருஷப் பழக்கத்தில் என்னிடம் எப்படிப் பொய் சொல்லலாம் அவன்? இதைக் கேட்காமல் விடுவேனா? தஞ்சாவூர் கிடக்கிறது. கண்டக்டர், நிறுத்துங்க, இறங்கணும்! ஆமாம், டிக்கெட் தஞ்சாவூருக்குத்தான், பரவாயில்லை. எதிர்ப் பக்கத்தில் மன்னார்குடிக்கு உடனே பஸ் இருக்குமா? இந்த முறை அந்த மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, தெருவில் நின்று, தள்ளி நின்றே கேட்கிறேன்.

வழி விடுங்கள் சார். இருங்கள், இந்த மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொள்கிறேன், கீழே ஒரே தூசி.

இந்தப் பொடியா? நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வாசனை தெரிகிற வீட்டில் இருக்கட்டும்.